பெரட்டும் இடாப்பும்

நேயர்களே, தோட்டத்தில் 'பேர்' என்ற சொல்லுக்கு ஒரு தனிக் கணக்கு உண்டு. அங்கே பேர் என்றால் ஒரு நாட்கூலி. கொழுந்து நிறுவையில் குறைந்துவிட்டால் 'அரைப்பேர்' விழும். மாத முடிவில் "இந்த மாசம் எத்தனை பேர்?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள். வெளியிலிருந்து வந்தவருக்கு இது விளங்காது. ஒரு மனிதருடைய பெயரும் அவருடைய வேலைநாளும் ஒன்றாகிப்போன இந்த வழக்கு, பெரட்டுக்களத்தில் பிறந்தது எனலாம். விடிவதற்கு முன்பே தப்பு ஒலிக்கும். லயங்களிலிருந்து ஆணும் பெண்ணும் பனியில் நடுங்கியபடி களத்துக்கு வந்து நிற்பார்கள். கணக்கப்பிள்ளை பெயரைப் பதிவார். பதியப்பட்டவருக்கு அன்று கூலி உண்டு, மற்றவருக்கு இல்லை. 'பரேட்' என்ற படைமுகாம் சொல்தான் பெரட்டு ஆயிற்று.

அதே மலைச்சரிவில், சற்றுத் தள்ளி, இன்னொரு பதிவேடும் இருந்தது. அதுதான் பாடசாலை இடாப்பு. காலை மணி அடித்ததும் ஆசிரியர் பெயர்களை வாசிப்பார். பிள்ளை எழுந்து நின்று "உள்ளேன் ஐயா" என்று சொல்லும். ஒரு பாடசாலையின் சடங்குகளில் மிகப் பழையதும் மிக எளியதும் இதுவே. காலைக்கூட்டம், பாடசாலைக் கீதம், இல்ல விளையாட்டுப் போட்டி, மாணவத் தலைவருக்குச் சின்னம் சூட்டுதல், வாணி விழா, பரிசளிப்பு விழா என்று எத்தனையோ பின்னால் வந்து சேர்ந்தன. இவற்றையெல்லாம் படிப்புக்கு மேலான அலங்காரங்கள் என்று தள்ளிவிடுவோர் உண்டு. பண்டாரவளையைச் சுற்றியுள்ள தோட்டங்களின் கதையை அறிந்தால் அப்படிச் சொல்ல மனம் வராது. பெரட்டுக்களத்துக்கும் பாடசாலை வாசலுக்கும் இடையே சில யார் தூரந்தான். அதைக் கடக்க ஊவாத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எழுபது ஆண்டுகள் பிடித்தன.

முதலில் பண்டாரவளைப் பட்டினத்தைப் பார்ப்போம். 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆந் திகதி யப்பானிய விமானங்கள் கொழும்பின்மீது குண்டு வீசின. கொழும்பின் பெரிய கல்லூரிக் கட்டடங்கள் பல இராணுவத் தேவைக்குப் போய்விட்டன. அந்த யுத்த ஆண்டுகளில் றோயல் கல்லூரியின் ஒரு பகுதி பண்டாரவளையில் 'கிளென்டேல்' என்ற பங்களாவுக்கு வந்தது. விசாகா வித்தியாலயத்தின் ஒரு பகுதியும் பண்டாரவளைக்கு வந்தது. கல்கிசை சென் தோமஸ் கல்லூரி, வெலிமடைக்கு அண்மையில் உள்ள குருத்தலாவையில் அன்பளிப்பாகக் கிடைத்த ஒரு பண்ணையில் 1942இல் ஒரு கிளையை நிறுவியது. கலாநிதி ஹேமன் என்ற ஆங்கிலேயர் அதன் முதல் தலைமையாசிரியர்.

இந்தக் கல்லூரிகள் மேசை நாற்காலிகளை மட்டும் மலைக்கு ஏற்றி வரவில்லை. தம் சடங்குகளையும் கொண்டுவந்தன. அவற்றின் வேர் இங்கிலாந்தின் விடுதிப் பள்ளிகளில் இருந்தது. 1828 முதல் 1842 வரை ரக்பி பள்ளியின் தலைமையாசிரியராக இருந்த தோமஸ் ஆர்னோல்ட், ஒழுங்கைக் காக்கும் பொறுப்பை மேல்வகுப்பு மாணவரிடமே ஒப்படைத்துப் புகழ் பெற்றவர். நம் பாடசாலைகளின் மாணவத் தலைவர்கள் அந்த மரபின் பேரப்பிள்ளைகள். பிள்ளைகள் தங்கியிருந்த விடுதி வீடுகளே 'இல்லங்கள்'. இலங்கையில் 1835இல் தொடங்கிய கொழும்பு அக்கடமி பின்னர் றோயல் கல்லூரி ஆயிற்று. 1851இல் சென் தோமஸ் கல்லூரியை நிறுவிய சப்மன் ஆயர் ஈட்டன் பள்ளியில் படித்தவர். இரு கல்லூரி மாணவரும் 1880 முதல் ஆடிவரும் கிரிக்கெட் ஆட்டம் இன்றும் கொழும்பில் ஒரு திருவிழா. றோயல் கல்லூரியின் இலத்தீன் மகுட வாக்கியத்தைத் தமிழில் 'கல், அன்றேல் செல்' எனச் சொல்லலாம்.

அந்த வாக்கியம் பண்டாரவளைக்கு வந்த நாட்களில், அந்தப் பட்டினத்தைச் சுற்றிய தோட்டங்களில் பிள்ளைகள் செல்லத்தான் செய்தார்கள். பத்து வயதுக்குப் பிறகு கொழுந்துக் கூடைக்குச் சென்றார்கள்.

தோட்டப் பாடசாலையின் சட்டக் கதை 1907இல் தொடங்குகிறது. அந்த ஆண்டின் கிராமப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம், ஆறு முதல் பத்து வயது வரையான தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிப்பதையும், அதற்கென ஓர் அறையை ஒதுக்குவதையும் தோட்டத்துரையின் கடமையாக்கிற்று. அதற்கு முன்பு 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் போன்ற கிறிஸ்தவ ஊழியங்கள் சில இடங்களில் எழுத்தறிவித்தன. அந்த மிஷனின் பெயரை இன்று வாய்விட்டுச் சொல்லக் கூசுகிறது. ஆனாலும் சரித்திரத்தில் அதன் பெயர் அதுதான். சட்டம் வந்தபின் கிடைத்தது பெரும்பாலும் ஒரே அறை, ஒரே ஆசிரியர். ஐந்தாம் வகுப்புக்கு மேல் அரிதாகவே எதுவும் இருந்தது. சில தோட்டங்களில் லயத்தின் ஒரு காம்பராவே பாடசாலை. ஐந்து வகுப்பும் ஒரே கூரையின் கீழ் ஒரே குரலில் வாய்ப்பாடு சொல்லும். 1945இல் இலவசக் கல்வி வந்து, மத்திய கல்லூரிகள் நாட்டுப்புறப் பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்தபோதும், தோட்டப் பிள்ளைக்கு அந்தக் கதவு எட்டவில்லை. தோட்டப் பாடசாலை தோட்டத்தின் உடைமையாகவே தொடர்ந்து இருந்தது. அதற்குத் தனிப்பெயர்கூட இல்லை. எந்தத் தோட்டமோ அந்தத் தோட்டத்துப் 'பள்ளிக்கூடம்', அவ்வளவுதான்.

ஆனால் அங்கே சடங்கே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. இங்குதான் நான் சற்று நின்று பேச விரும்புகிறேன். தோட்டத்து மக்களிடம் கூத்தும் பாட்டும் குறைவின்றி இருந்தன. மாசியில் காமன் கூத்து. ரதியும் மன்மதனும் லயத்து முற்றத்துக்கே வருவார்கள். பொன்னர் சங்கர், அர்ச்சுனன் தபசு என்று விடியும்வரை ஆடுவார்கள். மாரியம்மன் திருவிழா, கரகம், கும்மி, கோலாட்டம் எல்லாம் உண்டு. தோட்டத்து வாத்தியார் பள்ளிக்கூடத்தோடு நின்றவரல்லர். கடிதம் எழுதிக் கொடுப்பவர் அவரே. வந்த கடிதத்தை வாசித்துச் சொல்பவர் அவரே. பஜனைக்கு முன்னிற்பவரும் பல இடங்களில் அவரே. ஆகவே பள்ளிக்கூடத்தில் கலைவிழா என்று ஒன்று வந்தபோது, அதற்கு வெளியிலிருந்து ஒருவர் வந்து கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. கும்மியும் கோலாட்டமும் லயத்திலிருந்து நேரே மேடைக்கு வந்தன. யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் மலைக்கு வந்த ஆசிரியர்கள் தம் ஊர்ப் பாடசாலைகளின் வழக்கங்களையும் கொண்டுவந்தார்கள். நவராத்திரியில் வாணி விழா, விஜயதசமியில் ஏடு தொடக்குதல், மார்கழியில் ஒளி விழா எல்லாம் மலையகப் பாடசாலைக்கு உரியவையாயின. ஆங்கிலக் கல்லூரியின் சடங்கு மேலிருந்து இறங்கி வந்தது. தோட்டத்தின் சடங்கோ கீழிருந்து, களத்திலிருந்தும் கோயிலிலிருந்தும் ஏறி வந்தது. இரண்டும் சந்திக்க வெகுகாலம் ஆயிற்று.

அந்த இடைக்காலத்தில் மேற்படிப்பு வேண்டிய பிள்ளை என்ன செய்தது? அண்மையில், 2022இல், மறைந்த எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப்பின் வாழ்க்கை நல்ல உதாரணம். 1934இல் ஹாலிஎலைக்கு அண்மையிலுள்ள ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் பிறந்தவர். தந்தையே தோட்டப் பாடசாலை ஆசிரியர், அவரிடமே முதலெழுத்து. அடுத்த படிக்கு அவர் கடல் கடந்து கும்பகோணம் போக வேண்டியிருந்தது. மூன்று ஆண்டுகளின் பின் திரும்பிவந்து பதுளை சென் பீட்ஸ் கல்லூரியில் படித்தார். பிற்காலத்தில் தாம் பணிபுரிந்த தெளிவத்தைத் தோட்டத்தின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டார். தோட்டம் தொழிலாளிக்குப் பேர் போட்ட காலத்தில், ஓர் எழுத்தாளர் தோட்டத்துக்குப் பேர் வாங்கிக் கொடுத்தார்.

பிள்ளையைக் கடல் கடந்து அனுப்பிப் படிக்கவைப்பதும் விரைவில் ஆபத்தாயிற்று. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத்து மக்களை நாடற்றவராக்கியது. 1949இன் இந்திய பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டத்தின்படி விண்ணப்பித்தவர், தாம் மட்டுமன்றித் தம் மனைவியும் வயது வராத பிள்ளைகளும் தொடர்ந்து இலங்கையில் வசித்தவர்கள் என்று காட்டவேண்டியிருந்தது. பிள்ளையை இந்தியாவில் படிக்கவைத்த பெற்றாருக்கு இது எத்தகைய கண்ணி என்பதை நேயர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

பின்னர் 1964 ஒக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்பது, 3 இலட்சம் பேரை இலங்கை ஏற்பது, எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரைப் பிறகு பார்ப்பது என்று இரண்டு பிரதமர்கள் முடிவு செய்தார்கள். இடாப்பில் அந்த ஒப்பந்தம் எப்படித் தெரிந்திருக்கும்? ஒரு பெயரின் மேல் சிவப்பு மைக்கோடு, பக்கத்தில் 'விலகல்' என்றொரு சொல். பயணத் தாள்களோடு பிள்ளையின் விடுகைப் பத்திரமும் மூட்டைக்குள் போயிற்று. பண்டாரவளை போன்ற மலைநாட்டு நிலையங்களில் கோச்சி ஏறித் தலைமன்னார் போய், அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம் போனார்கள். போகிறவரும் அழுவார், வழியனுப்ப வந்தவரும் அழுவார். அதை 'அழுகைக் கோச்சி' என்றே மலையகம் நினைவில் வைத்திருக்கிறது. பட்டினத்துக் கல்லூரிகளில் ஆட்டோகிராப் புத்தகம் நீட்டுவது பள்ளி முடிகிற காலத்து விளையாட்டு. மலையகத்தில் அப்படி எழுதிக் கொடுத்த வாழ்த்து, இனி ஒருபோதும் காணப்போவதில்லை என்று அறிந்து எழுதியதாகவும் இருந்தது. பெயரும் தோட்டமும் எழுதலாம். போகிற இடத்து விலாசத்தை யார் அறிவார்?

1972லும் 1975லும் வந்த காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1977 முதல் தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது. 1907இலிருந்து எண்ணிப் பார்த்தால் அந்த எழுபது ஆண்டுக் கணக்கு சரியாக வரும். அதன்பின் மாற்றம் மெல்ல வந்தது. 1986இல் சுவீடன் நாட்டின் 'சீடா' நிறுவன உதவித் திட்டம் தொடங்கியது. 1990களில் ஜெர்மனியின் உதவியோடு பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி வந்தது. மலையகத்து இளைஞரும் யுவதிகளும் ஆசிரியராக நியமனம் பெற்றார்கள். பெயர்ப்பலகைகள் எழுதப்பட்டன. தோட்டத்துப் பள்ளிக்கூடம் 'தமிழ் வித்தியாலயம்' ஆயிற்று. சரஸ்வதி, கணேசா, பாரதி, விபுலானந்தா என்று பெயர்கள் வந்தன. துரையின் பெயரும் இல்லை, கம்பெனியின் பெயரும் இல்லை. பெயர் வைத்தபின் அதற்கொரு கீதம் வேண்டுமே! எத்தனையோ தமிழாசிரியர் ஓரிரவு விழித்திருந்து கீதம் இயற்றியிருப்பார். சந்தம் சில இடத்தில் இடறும். மலையும் அருவியும் கலைமகளும் தவறாமல் வருவார்கள். குறை சொல்ல எனக்கு மனமில்லை. அந்தக் கீதத்தைப் பாடும் பிள்ளையின் பாட்டிக்குத் தன் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பாட ஒரு வரியும் இருக்கவில்லை.

இல்லங்களும் அப்போதுதான் பரவலாக வந்தன. ஆங்கிலக் கல்லூரிகளில் இல்லங்களுக்கு அதிபர்களின் பெயரையும் ஆயர்களின் பெயரையும் வைத்தார்கள். தமிழ்ப் பாடசாலைகளிலோ வள்ளுவர், கம்பர், இளங்கோ, பாரதி என்று புலவர்கள் இல்லத் தலைவர்களானார்கள். சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் கடதாசித் தோரணம்; மூங்கிலும் மாவிலையும் கொண்ட கூடாரம்; அணிநடை; கயிறிழுத்தல்; பெற்றாருக்கான ஓட்டம். ஊவாவின் சரிவுகளில் நூறு மீற்றர் சமதரை கிடைப்பதே அபூர்வம். வளைந்து ஓடி முடிக்கிற பாதைகளும் உண்டு. வெறுங்காலோடு ஓடுகிற பிள்ளைக்கு, "கம்பர்! கம்பர்!" என்று மேட்டிலிருந்து அம்மா கத்துவாள். கம்பராமாயணத்துக்கு இப்படியும் ஓர் அரங்கேற்றம் உண்டு என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது பாடசாலை விழாக்களில் விருந்தினரைத் தப்பு முழக்கி அழைத்துவருவதைக் காணலாம். இது எளிதாக நடந்துவிடவில்லை. தப்பை ஒரு சாதிக்கு உரியதாக ஒதுக்கி வைத்தவர்கள் தோட்டத்திலேயே இருந்தார்கள். அந்த இழிவை அஞ்சி அதைத் தொட மறுத்தவர்களும் இருந்தார்கள். பெரட்டுக்கு எழுப்பிய அதே வாத்தியம் பாடசாலை வாசலில் ஒலிப்பதில் எல்லோருக்கும் இன்னும் உடன்பாடு இல்லை. என்னைக் கேட்டால், அது அங்கேதான் ஒலிக்க வேண்டும் என்பேன்.

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆந் திகதி, புதன்கிழமை காலை, கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தின்மீது மலை சரிந்தது. லயங்கள் மண்ணுக்குள் போயின. காணாமற் போனோர் எத்தனை பேர் என்பதில் பல நாட்கள் குழப்பம் நிலவியது. ஒவ்வொரு நாளும் ஒவ்வோர் எண்ணைச் சொன்னார்கள். பாடசாலைக்குப் புறப்பட்டுப் போயிருந்த பிள்ளைகள் உயிர் தப்பினார்கள். திரும்பி வந்தபோது சிலருக்கு வீடு இல்லை, சிலருக்குப் பெற்றாரும் இல்லை. எஞ்சிய குடும்பங்களைப் பூனாகலையிலும் கொஸ்லந்தையிலும் உள்ள தமிழ்ப் பாடசாலைகளில் தங்கவைத்தார்கள். வாங்குகளை ஒதுக்கி, வகுப்பறைத் தரையில் பாய் விரித்துப் படுத்தார்கள்.