யந்திரத்தை நடத்தும் கை

சப்ரகமுவ மாகாணத்தின் பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்றினுள் நுழைந்து பார்ப்போர், அங்கு ஓடும் யந்திரங்களின் வயதை அறிந்தால் வியப்புறுவர். பாட்டனார் காலத்தில் கப்பலேறி வந்த உருளை யந்திரம் பேரன் காலத்திலும் கொழுந்தை அரைத்துக்கொண்டிருக்கும். மேசை பழையது, வார்ப்பிரும்புக் கால்கள் பழையவை. ஆயினும் அதனைச் சுழற்றும் விசை மட்டும் மூன்று முறையோ நான்கு முறையோ மாறியிருக்கும். பழைய யந்திரத்தை எறிந்துவிடாமல் அதற்குப் புத்துயிர் ஊட்டும் இவ்வழக்கத்திற்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் அண்மைக்கால அத்தியாயம், இரும்பு வெட்டும் ஒரு சிறிய மேசை யந்திரத்தைக் கணினியின் ஏவலுக்கு உட்படுத்துவதாகும். முதல் அத்தியாயமோ கொழுந்தோடு தொடங்குகிறது.

1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரை தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டபோது, இலையைச் சுருட்டிப் பிசைந்தவை மனிதக் கைகளே. அவரது பங்களா விறாந்தையிலிருந்த மேசைகள்தாம் தொழிற்சாலை. இரண்டாண்டுகளில் கோப்பிச் செடியை நோய் தாக்கத் தொடங்கியது. தோட்டங்கள் ஒவ்வொன்றாகத் தேயிலைக்கு மாறின. ஏக்கர் பெருகப் பெருகக் கை மட்டும் போதவில்லை. அசாமில் வில்லியம் ஜாக்சன் என்பார் 1872ஆம் ஆண்டளவில் இலை சுருட்டும் யந்திரத்தை ஆக்கினார். பெல்பாஸ்ட் நகரின் சாமுவேல் டேவிட்சன் 1877இல் சிரோக்கோ என்னும் உலர்த்தியைத் தந்தார். கோப்பிக் காலத்தில் கண்டியில் தொடங்கிய ஜோன் வோக்கர் கம்பனியும் தேயிலை யந்திரங்களைச் செய்ய முற்பட்டது. 1872இல் ஒரு றாத்தல் தேயிலையைத் தயாரிக்க 11 பென்ஸ் செலவாயிற்று என்றும், 1913இல் அச்செலவு ஏறக்குறைய 3 பென்ஸாக இறங்கிற்று என்றும் கணக்கிட்டுள்ளனர். அக்காலத்தில் ஓடிய 8,000 உருளை யந்திரங்கள், கையால் சுருட்டினால் 15 இலட்சம் பேர் செய்யவேண்டிய வேலையைச் செய்தனவாம்.

இந்த யந்திரங்கள் சப்ரகமுவவின் மலைச்சரிவுகளை அடைந்தது எளிதாக நிகழ்ந்ததன்று. களனிப் பள்ளத்தாக்கின் குறும்பாதைப் புகையிரதம் 1903இல் எட்டியாந்தோட்டையையும், 1912இல் இரத்தினபுரியையும் எட்டியது. அவிசாவளைக்கு அப்பாலுள்ள அப்பாதை பிற்காலத்தில் மூடப்பட்டுவிட்டது. எனினும் தேயிலைப் பெட்டியும் இறப்பரும் கீழிறங்கவும், இரும்புப் பாகங்கள் மேலேறவும் அது பல்லாண்டு துணைபுரிந்தது. நிலையத்துக்கு அப்பால் மாட்டுவண்டி. அதற்கும் அப்பால் தோட்டத் தொழிலாளரின் தோள்.

வந்திறங்கிய யந்திரத்தை ஓட்டுவது எது? முதலில் நீர். ஓடையை மறித்து, குழாய் வழியே இறக்கி, சக்கரத்தையோ டர்பைனையோ சுழற்றினர். கோடையில் ஓடை வற்றியபோது விறகு தின்னும் நீராவி யந்திரம் உதவிற்று. பின்னர் எண்ணெய் எஞ்சின் வந்தது. எஞ்சின் அறையிலிருந்து கட்டடம் முழுவதும் ஓடும் ஒரே நீண்ட இரும்புத் தண்டு. அதில் வரிசையாகக் கப்பிகள். கப்பியிலிருந்து யந்திரத்துக்குத் தோல்வார். அந்தத் தண்டு நின்றால் தொழிற்சாலை முழுவதும் நின்றது. பொறியியலாளர் விமலசுரேந்திர நெடுங்காலம் வாதாடிய இலக்சபான நீர்மின் திட்டம் 1950இல் இயங்கத் தொடங்கியது. அதன்பின் மின்கம்பி தோட்டங்களை நாடி வந்தது. யந்திரத்துக்கு ஒன்றாகத் தனி மோட்டார் பொருத்தப்பட்டது. நீண்ட தண்டு கழற்றப்பட்டது. உருளை மேசையோ இருந்த இடத்திலேயே இருந்தது.

இங்கே ஒன்றைக் கருத்தில் கொள்ளல் வேண்டும். நீரும், நீராவியும், எண்ணெயும், மின்சாரமும் மாறியபோது மாறியது விசை மட்டுமே. அழுத்தத்தைக் கூட்டுவதா குறைப்பதா, இலை போதிய அளவு அரைந்ததா, புளிப்பு ஏறியதா என்பதைத் தீர்மானித்தவை டீமேக்கரின் கண்ணும், மூக்கும், விரல்களுமே. யந்திரத்தைத் தள்ளுவது வேறு. அதனை நடத்துவது வேறு. தள்ளும் வேலையை மனிதன் நூறாண்டுகளுக்கு முன்னரே யந்திரத்திடம் ஒப்படைத்துவிட்டான். நடத்தும் வேலையை எப்பொழுது ஒப்படைத்தான்? அதற்கு விடை தேயிலைத் தொழிற்சாலையில் இல்லை. இரும்புப் பட்டறையில் இருக்கிறது.

பட்டறையிலே மில்லிங் யந்திரம் என்று ஒன்றுண்டு. கடைசல் யந்திரத்தில் இரும்புத் துண்டு சுழலும். வெட்டுளி சுழலாது. மில்லிங் யந்திரத்தில் வெட்டுளி சுழலும். இரும்பைத் தாங்கிய மேசை நகரும். மேசையை இடம் வலமாக நகர்த்த ஒரு கைச்சக்கரம், முன் பின்னாக நகர்த்த மற்றொன்று, உயரத்தை மாற்ற இன்னொன்று. சக்கரத்தைச் சுற்றினால் திருகுதண்டு சுழன்று மேசை மயிரிழை மயிரிழையாக நகரும். நேர்கோடு வெட்ட ஒரு கை போதும். வளைகோடு வெட்டவேண்டுமாயின் இரண்டு சக்கரங்களையும் ஒரே வேளையில், வெவ்வேறு வேகத்தில் சுற்றவேண்டும். தேர்ந்த கைவினைஞருக்கும் அது கடினமே.

1940களின் இறுதியில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஜோன் பார்சன்ஸ் என்பவர் இச்சிக்கலை எதிர்கொண்டார். ஹெலிகொப்டர் விசிறி இதழ்களைச் செய்துவந்தவர் அவர். இதழின் வளைவைத் துல்லியமாக வெட்ட, அவருடன் பணிபுரிந்த பிராங்க் ஸ்டுலனின் துணையோடு வளைகோட்டின் புள்ளிகளை எண்களாகக் கணக்கிட்டார். பின்பு ஒருவர் அட்டவணையிலிருந்து எண்களை உரக்க வாசிப்பார். இருவர் ஆளுக்கொரு கைச்சக்கரத்தைப் பிடித்து, சொன்ன எண்ணுக்குத் திருப்புவர். புள்ளிக்குப் புள்ளி வெட்டுளி இறங்கும். வாசிப்பவரின் இடத்தில் துளையிட்ட அட்டையையும், சுற்றுபவர்களின் இடத்தில் மோட்டாரையும் வைத்தாலென்ன? இக்கேள்வியே புதுயுகத்தின் வித்து. நெசவுத் தறிக்குத் துளையட்டை கொண்டு பூவேலையைக் கற்பித்த பிரான்ஸ் நாட்டு ஜக்கார்ட், 1804ஆம் ஆண்டளவிலேயே இவ்வழியைக் காட்டியிருந்தார்.

1949இல் அமெரிக்க விமானப்படை இம்முயற்சிக்குப் பொருளுதவி அளித்தது. மசாச்சுசெற்ஸ் தொழில்நுட்பக் கழகம் வேலையை மேற்கொண்டது. 1952ஆம் ஆண்டு செப்டெம்பரில் எண்களால் நடத்தப்படும் மில்லிங் யந்திரம் பலரறியக் காட்டப்பட்டது. அதற்கென ஒரு புது யந்திரம் ஆக்கப்படவில்லை. சின்சினாட்டி கம்பனியின் மில்லிங் யந்திரம் ஒன்றை எடுத்து, மனிதன் பிடித்த இடங்களில் மோட்டார்களைப் பொருத்தியே அதனை மாற்றியமைத்தனர். ஏவலைத் தாங்கி வந்தது துளையிட்ட காகித நாடா. நாடாவைப் படித்துப் பொருள்கொண்ட மின்கருவியில் நூற்றுக்கணக்கான வால்வுகள் இருந்தன. ஐந்தாறு வால்வுகள் கொண்ட பழைய வானொலிப் பெட்டியை அறிந்த நேயர்கள் அதன் பருமனை ஊகித்துக்கொள்ளலாம். உலகின் முதல் எண்கட்டுப்பாட்டு யந்திரமே மாற்றியமைக்கப்பட்ட பழைய வகை யந்திரந்தான் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

வால்வின் இடத்தைத் திரான்சிஸ்டர் பிடித்தது. 1971இல் நுண்செயலி விற்பனைக்கு வந்தது. அறையை நிறைத்த கருவி உள்ளங்கையில் அடங்கிற்று. எண்கட்டுப்பாடு, கணினிவழி எண்கட்டுப்பாடாயிற்று, சுருக்கமாக சி.என்.சி. என்பர். 2009ஆம் ஆண்டிலே, சிறு மின்சுற்றுப் பலகையில் இயங்கவல்ல கட்டுப்பாட்டு நிரல் ஒன்று யாவரும் எடுத்தாளும் வண்ணம் இலவசமாக வெளியிடப்பட்டது. ஒரு காலத்தில் விமானப்படைக்கு மட்டுமே எட்டியது, இன்று மேசைமேல் வைக்கும் மில்லிங் யந்திரம் ஒன்றைச் சொந்தமாகக் கொண்ட எவருக்கும் எட்டக்கூடியது.

மாற்றும் முறையும் விளங்கிக்கொள்ள அரியதன்று. மூன்று கைச்சக்கரங்களையும் கழற்றி, அவ்விடங்களில் படிப்படியாகச் சுழலும் ஸ்டெப்பர் மோட்டார்களைப் பூட்டுவர். பொதுவாக அம்மோட்டார் ஒரு சுற்றை 200 படிகளில் முடிக்கும். ஒரு சுற்றுக்கு 5 மில்லிமீற்றர் நகர்த்தும் திருகுதண்டாயின், ஒரு படிக்கு மேசை 0.025 மில்லிமீற்றர் நகரும். அஃதாவது ஒரு மில்லிமீற்றரில் நாற்பதில் ஒரு பங்கு. மேசை எல்லை மீறாதிருக்க முனைகளில் ஆளிகள் வைப்பர். ஆபத்து நேர்ந்தால் நிறுத்த, கைக்கெட்டும் தூரத்தில் சிவப்புப் பொத்தானும் அவசியம்.

எனினும் இவ்வேலையில் இறங்குவோர் பலர் முதலிற் கற்கும் பாடம் மோட்டாரைப் பற்றியதன்று. பழைய திருகுக்கும் அதன் நட்டுக்கும் இடையே சிறிது தளர்ச்சி இருக்கும். பட்டறையில் அதனைப் பிளே என்பர். சக்கரத்தைத் திசை மாற்றிச் சுற்றும்போது, முதற் சில கோடுகளுக்கு மேசை அசையாது. பழகிய கை இதனை அறியும். எப்பொழுதும் ஒரே பக்கத்திலிருந்து அளவை அணுகும். கை தன்னையறியாமலே சரிசெய்துகொண்ட இக்குறையைக் கணினி அறியாது. வட்டம் வெட்டச் சொன்னால், திசை திரும்பும் நான்கு இடங்களிலும் தழும்பு விழும். ஆதலால் சறுக்குத்தளங்களைச் சீராக்கி, தேய்ந்த நட்டை மாற்றி, இயலுமாயின் எஃகுக் குண்டுகள் உருளும் திருகுதண்டைப் பொருத்திய பின்னரே மோட்டாரைப் பூட்டவேண்டும். கையிலிருந்த அறிவை எண்ணாக மாற்றுவதற்கு, அவ்வறிவு இன்னதென்று முன்னதாக உணர்ந்திருக்க வேண்டும்.

இதற்கும் தோட்டங்களுக்கும் தொடர்பு என்ன? சி.டி.சி. முறைத் தேயிலையைச் செய்யும் தொழிற்சாலைகளில், பற்கள் வெட்டப்பட்ட இரண்டு உருக்கு உருளைகள் எதிரெதிராகச் சுழன்று இலையை நறுக்கிக் கிழித்துச் சுருட்டுகின்றன. ஒன்று மற்றதைவிடப் பத்து மடங்கு வேகத்தில் ஓடும். பல் மழுங்கினால் தேயிலையின் தரம் விழும். அப்பற்களை மீண்டும் வெட்டிக் கூராக்குவது மில்லிங் வேலையே. சப்ரகமுவவின் தாழ்நிலத் தேயிலை பெரும்பாலும் பழைய முறையில் சுருட்டப்படுவது. அங்கும் உருளை மேசையின் பித்தளைப் பாகங்கள் தேய்கின்றன. உலர்த்தியின் பற்சக்கரங்கள் உடைகின்றன. அயல்நாட்டில் பழைய உதிரிப்பாகம் கிடைக்காதபோது, அதனை வெட்டித் தரும் பட்டறையே தொழிற்சாலையை நிற்கவிடாமற் காக்கிறது.

நடத்தும் கை மாறும் கதை தேயிலைத் தொழிற்சாலைக்குள்ளும் வந்துவிட்டது. உலர்ந்த தேயிலையிலிருந்து காம்பையும் நாரையும் பொறுக்கும் வேலையை முன்னாளில் பெண்கள் வரிசையாக அமர்ந்து செய்தனர். இன்று நிறம் பிரிக்கும் மின்னியல் யந்திரம், விழும் ஒவ்வொரு துகளையும் கமராக் கண்ணாற் பார்த்து, வேண்டாததைக் காற்றூதித் தள்ளுகிறது. தோள் வலியை யந்திரம் ஏற்றபோது தொழிலாளி களைப்பினின்று விடுபட்டார். கண்ணின் தீர்ப்பை யந்திரம் ஏற்றபோதோ அவரது இருக்கையே போயிற்று. யந்திரத்துக்குக் கற்பிப்பவர் யார், அதனைப் பழுதுபார்ப்பவர் யார் என்ற கேள்வி அதனால் எழுகிறது.

1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. உடைமை இவ்வாறு கைமாறியபோதும், யந்திர அறிவு லயங்களின் பிள்ளைகளை எளிதில் சென்றடையவில்லை. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றதே 1970களில்தான். 2013இல் உயர்தர வகுப்புகளில் தொழில்நுட்பப் பிரிவு தொடங்கப்பட்டது. இருந்தும் தோட்டப்புறத்துத் தமிழ்மொழிப் பாடசாலைகளில் அத்தகைய வகுப்புகள் இன்னும் அரிதாகவே காணப்படுகின்றன. மேசைமேல் வைக்கும் சிறு யந்திரம் ஒன்று இந்நிலையில் பெரும்பயன் தரவல்லது. கைச்சக்கரத்தோடு சிலகாலம் பழகி, இரும்பின் இயல்பை விரலால் அறிந்து, பின்பு அதே யந்திரத்துக்கு மோட்டாரும் எண்ணும் பூட்டும் மாணவர், 1867இலிருந்து தோட்டங்கள் கண்ட மாற்றங்கள் அனைத்தையும் ஒரே மேசையிற் கற்றுவிடுகிறார்.

இரத்தினபுரி, கேகாலை மலைகளில் யந்திரங்களைத் தோளிற் சுமந்து ஏற்றியவர்களின் வழித்தோன்றல்கள் பல தலைமுறைகளாக அவற்றின் அருகிலேயே நின்று உழைத்தனர். யந்திரத்தை நடத்தும் எண்ணை எழுதும் இடத்திலும் அவர்களின் பிள்ளைகள் அமரவேண்டும். அதற்கான கருவி இன்று விலைக்கெட்டாத ஒன்றன்று. கற்பிக்கும் இடந்தான் இன்னும் போதாது.