குறி சொல்லும் யந்திரம்

காரைக்குடிக்குப் பக்கத்தில் உள்ள கோவிலூர் என்றதும் கொற்றவாளீசுவரர் கோயிலும், தமிழில் வேதாந்தம் போதித்த மடமும்தான் பலருக்கு நினைவு வரும். நானும் அவற்றைப் பார்க்கத்தான் போயிருந்தேன். ஆனால் அன்று எனக்குப் பாடம் நடந்தது ஒரு தையற்கடையில்.

பள்ளிக்கூடம் திறக்க நான்கே நாள் இருந்தது. கடை நிறையச் சீருடைத் துணி. கடைக்கார அம்மாள் கடன்பட்டு வாங்கிய பவர் மிஷின் திடீரென்று நின்று, ஓர் எழுத்தையும் மூன்று எண்களையும் காட்டிக்கொண்டிருந்தது. புத்தகத்தைப் புரட்டினால், 'மோட்டாருக்கு மிகைச் சுமை' என்று பொருள் போட்டிருந்தது. போனில் கேட்ட மெக்கானிக், "மோட்டார் போயிருக்கும், மாற்ற வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டார். இரண்டு மாத வருமானம் அதற்கே சரியாகிவிடும். அம்மாளின் முகத்தைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

தையல் யந்திரம் இப்படி எண்ணால் பேசக் கற்றது அதன் சரித்திரத்தில் மிகவும் பிந்தித்தான். 1830-இல் பிரான்சில் திமோனியே தையல் யந்திரத்துக்கு உரிமை பெற்றார். பிழைப்புப் போய்விடுமென்று அஞ்சிய தையற்காரர்கள் கூட்டமாக வந்து அவருடைய யந்திரங்களை நொறுக்கினார்கள். 1846-இல் அமெரிக்காவில் எலியாஸ் ஹோ, முனையில் காதுள்ள ஊசியையும், அடியிலிருந்து இரண்டாம் நூலைக் கோத்துவிடும் ஓடத்தையும் இணைத்தார். 1851-இல் ஐசக் சிங்கர் தமது யந்திரத்துக்கு உரிமை பெற்றார். வழக்கில் வென்றவர் ஹோ. ஆனால் தவணை முறையில் விற்று, வீடுதோறும் பெயரை நாட்டியவர் சிங்கர்! யந்திரங்களைப் பற்றி அவ்வளவு ஐயம் கொண்டிருந்த காந்தியடிகளே, 1924-இல் ராமச்சந்திரன் என்ற இளைஞர் கேட்டபோது, சிங்கர் யந்திரத்துக்கு விலக்கு அளித்தார்.

அந்தக் கால்மிதி யந்திரங்களுக்கு எண் ஏது? விழுந்த தையலே குறி. துணியின் அடியில் நூல் சுருண்டு கூடு கட்டினால், புதியவர் பாபினைக் குடைவார். பழகியவர் மேல்நூலைப் பார்ப்பார். பெரும்பாலும் குறி கீழே தெரியும், குற்றம் மேலே இருக்கும். தையல் விட்டுவிட்டு விழுந்தால், ஊசி வளைந்திருக்கிறதா, சரியாக மாட்டியிருக்கிறதா என்று முதலில் பார்ப்பார்.

பிறகு மின்சார மோட்டார் வந்தது. மின்னணுப் பலகையும் வந்தது. நிமிடத்துக்கு நாலாயிரம் தையலுக்குமேல் ஓடும் வேகத்தைக் காது எப்படித் தொடரும்? ஆகவே மோட்டார் சுழல்கிறதா, மின்னழுத்தம் சரியா, யந்திரத்தின் தலை சாய்ந்திருக்கிறதா என்று அதுவே கவனிக்கிறது. ஒன்று தவறினாலும் தானே நின்று ஓர் எண்ணைக் காட்டுகிறது. கம்பெனிக்குக் கம்பெனி எண் மாறும். மோட்டாரையும் விரலையும் காப்பாற்றும் இந்த ஏற்பாட்டைக் குறை சொல்ல நான் யார்? ஆனால், மலைமேல் புகையைக் கண்டு நெருப்பு உண்டென்று அறியலாம் என்கிறதே சாத்திரம், அந்த நெருப்பை மூட்டியது யார் என்று புகை சொல்லுமா?

இதற்குள் அடுத்த தெருவிலிருந்து வயதான தையற்காரர் ஒருவர் வந்து சேர்ந்தார்.

"ஆத்தா, முதலில் சுவிட்சை அணை" என்றார். கைச்சக்கரத்தை மெல்லத் திருப்பிப் பார்த்தார். அது அசையவில்லை. பாபினைக் கழற்றினார், விளக்கைக் காட்டச் சொல்லி, கொக்கியின் இடுக்கிலிருந்து ஒரு விரல் நீள நூலை உருவி எடுத்தார். ஒரு சொட்டு எண்ணெய் விட்டார். சக்கரம் சுழன்றது! சுவிட்சைப் போட்டதும் எண்ணையும் காணோம்.

"பெரியப்பா, அப்படியானால் மிஷின் பொய்யா சொன்னது?"

"பொய் சொல்லவில்லை, ஆத்தா. சுமை தாங்கவில்லை என்று சொன்னது. என்ன சுமை என்று நாம்தானே பார்க்க வேண்டும்?"

நான் விடைபெறும்போது அம்மாள் அந்தப் புத்தகத்தைத் திறந்து, எண்ணுக்குப் பக்கத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டிருந்தாள்: 'முதலில் நூலைப் பார்.'