மேல்விலாசம் யாருடையது? மலாக்காத் தோட்டத் தமிழரின் முகவரி வரலாறு

முன்னுரை

மலாக்கா நகரையடுத்துள்ள புக்கிட் பெருவாங் இன்று வீடமைப்புப் பகுதிகளும் கடைவீதிகளும் நிறைந்த இடமாகும். மல்டிமீடியா பல்கலைக்கழகத்தின் மலாக்கா வளாகம் இங்கே அமைந்துள்ளது. இதன் அஞ்சல் குறியீட்டு எண் 75450. வீட்டு எண், சாலையின் பெயர், குறியீட்டு எண் ஆகிய மூன்றையும் எழுதிவிட்டால் எந்நாட்டிலிருந்து வரும் கடிதமும் உரியவரைச் சென்றடையும். ஆனால், ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் இதே மலாக்காவிற்குக் கப்பலேறி வந்த தமிழ்த் தொழிலாளருக்கு இத்தகைய முகவரி எதுவும் இருந்ததில்லை. ஊரிலுள்ள தாய்க்கு அவர் எந்த முகவரியைக் கொடுத்தார்? அம்முகவரி எத்தனை நாள் அவருடையதாக இருந்தது?

இக்கட்டுரை இவ்வினாக்களை மலாக்கா மாநிலத்தை மையமாகக் கொண்டு ஆராய முற்படுகின்றது. புதிதாக வந்தவருக்கு நிலையான முகவரி இல்லாமை, கடிதம் தவறிப்போகும் சிறிய இடையூறாக மட்டும் நின்றுவிடவில்லை. பின்னாளில் அது குடியுரிமையையே தீர்மானிக்கும் சிக்கலாக வளர்ந்தது என்பதே இக்கட்டுரையின் மையக் கருத்தாகும்.

விலாசம் உடையோர்

கடிதத்தின் புறத்தே எழுதப்படுவதால் முகவரியை மேல்விலாசம் என்று அழைப்பது தமிழர் வழக்கு. நாட்டுக்கோட்டை நகரத்தாரிடையே விலாசம் என்னும் சொல்லுக்கு மற்றொரு பொருளும் உண்டு. முன்னோர், பங்காளிகள் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து அமைத்துக்கொண்ட வணிக நிறுவனத்தின் அடையாளமே அவர்களது விலாசம். தொழில் நிமித்தமாகக் கடல் கடந்து வந்த இளைஞர் ஒருவர் கிட்டங்கியில் வந்திறங்கும்போதே அவருக்கு விலாசம் ஆயத்தமாக இருந்தது. கிட்டங்கி தொழிலிடமாகவும் தங்குமிடமாகவும் விளங்கியது. முகவர்கள் தவணை முடிந்து ஊர் திரும்பினாலும், புதியவர்கள் வந்து பொறுப்பேற்றாலும் விலாசம் மாறுவதில்லை. ஆள் மாறினும் முகவரி நிலைத்தது எனலாம்.

மலாக்காவில் இதனினும் பழமையான சான்று ஒன்று உள்ளது. மலாக்காச் செட்டிகள் எனப்படும் பழந்தமிழ் வணிகரின் வழித்தோன்றல்கள் காஜா பெராங் பகுதியில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றனர். டச்சுக்காரர் ஆட்சியின்போது வழங்கப்பட்ட நிலத்தில் 1781ஆம் ஆண்டில் எழுந்த பொய்யாத விநாயகமூர்த்தி கோயில் அச்சமூகத்தின் நிலைபேற்றுக்குச் சான்றாக இன்றும் திகழ்கின்றது. தமிழ்மொழி அவர்தம் நாவிலிருந்து பெரும்பாலும் நீங்கியபோதும், நிலமும் கோயிலும் அவர்களை மலாக்காவின் மண்ணோடு பிணைத்து வைத்தன. ஆகவே, மலாக்காத் தமிழர் அனைவரும் முகவரியற்றோர் என்று கூறுதல் பொருந்தாது. நிலமோ வணிக நிறுவனமோ கைவசம் இருந்தோர் முகவரி பெற்றனர். உழைப்பை மட்டுமே கொண்டு வந்தோர் அதைப் பெறவில்லை.

கங்காணி வழி வந்தோர்

1896ஆம் ஆண்டில் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சே யான் வணிக நோக்கில் ரப்பர் பயிரிட்டார். சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவின் இயக்குநராக இருந்த ஹென்றி ரிட்லியின் ஊக்குவிப்பு இம்முயற்சிக்குத் துணை நின்றது. மலாயாவின் வணிக முறையிலான ரப்பர் தோட்டங்களுக்கு இதுவே முன்னோடியாகக் கருதப்படுகின்றது. அதனையடுத்துப் புக்கிட் அசஹானில் பெருந்தோட்டம் உருவாயிற்று. ரப்பர் விலை உயர உயரத் தோட்டங்கள் பெருகின. ஆள் தேவையும் பெருகியது.

1907ஆம் ஆண்டில் தமிழர் குடியேற்ற நிதி ஏற்படுத்தப்பட்டது. தோட்ட முதலாளிகளிடமிருந்து திரட்டப்பட்ட அந்நிதியிலிருந்து தொழிலாளரின் கப்பல் கட்டணம் செலுத்தப்பட்டது. 1910ஆம் ஆண்டில் ஒப்பந்தக் கூலிமுறை முடிவுக்கு வந்த பின்னர்க் கங்காணி முறையே ஆள்சேர்ப்பின் முதன்மை வழியாயிற்று. தோட்டத்தில் பணிபுரிந்த ஒருவர் உரிமம் பெற்றுத் தம் ஊருக்குச் சென்று, உற்றார் உறவினரையும் ஊராரையும் அழைத்து வருவார். அழைத்து வந்தோர் வேலை செய்த நாள்களுக்கு ஏற்ப அவருக்குத் தலைக்காசு கிடைத்தது.

நாகப்பட்டினத்திலும் சென்னையை அடுத்த ஆவடியிலும் இருந்த முகாம்களில் புறப்படுவோரின் விவரங்கள் பதிவு செய்யப்பட்டன. பின்னர்க் கப்பற்பயணம், அதன் பின்னர்ப் பினாங்கிலோ போர்ட் சுவெட்டன்ஹாமிலோ நோய்த்தடுப்பு முகாம் வாசம். மலாக்காவிற்குரியோர் அங்கிருந்து தெற்கு நோக்கி வந்தனர். தம்பினிலிருந்து மலாக்கா நகருக்குச் செல்லும் கிளை இருப்புப்பாதை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அமைந்திருந்தது. இப்பயணத்தின் ஒரு முனையில் ஊர் இருந்தது. மறுமுனையில் கங்காணியின் பெயரும் தோட்டத்தின் பெயரும் மட்டுமே இருந்தன. வந்தவருக்குத் தெரிந்த முகவரி அவ்விரண்டே.

இரவல் முகவரி

தோட்டத்தில் தொழிலாளர் வாழ்ந்த லயம் நிருவாகத்திற்குச் சொந்தமானது. அங்கே சாலைப் பெயர் கிடையாது. வீட்டுக்கு வீடு கடிதம் கொண்டு சேர்க்கும் அஞ்சற்காரரும் இல்லை. அஞ்சல் தோட்ட அலுவலகத்திற்கு வந்து சேரும். கிராணியின் கையிலிருந்து உரியவருக்குச் செல்லும். ஒரே தோட்டத்தில் பல இராமசாமிகளும் பல முனியாண்டிகளும் இருந்தமையால் வெறும் பெயர் பயன்படவில்லை. தந்தையின் பெயரும் கங்காணியின் பெயரும் சேர்ந்தால்தான் ஆளை இனங்காண முடியும். மேற்பார்வை என்பதைச் சுருக்கி, மே/பா என்று முகவரியில் எழுதும் வழக்கத்தை மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர் நன்கு அறிவர். தோட்டத் தொழிலாளரைப் பொறுத்தவரை இவ்விரண்டு எழுத்துகளும் அஞ்சல் முறைமையைக் குறித்ததோடு அமையவில்லை. அவரது வாழ்நிலையையும் உணர்த்தின. அவர் உண்மையிலேயே மற்றவரின் மேற்பார்வையில் வாழ்ந்தார்.

பெயர்ச் சிக்கலும் உண்டு. தோட்டங்களுக்கு ஆங்கிலத்திலோ மலாயிலோ பதிவுப் பெயர்கள் இருந்தன. தமிழரோ தம் நாவுக்கு இசைந்த வேறு பெயர்களால் அவற்றை அழைத்தனர். பேச்சில் வழங்கிய பெயரைக் கடிதத்தில் எழுதினால் அஞ்சலகத்தார் திகைக்க நேரிடும். அஞ்சல் துறையிலும் இருப்புப்பாதைத் துறையிலும் யாழ்ப்பாணத் தமிழர் பலர் பணியாற்றியமை இத்தகைய இடங்களில் ஓரளவு துணைபுரிந்திருக்கக் கூடும். எழுதப் படிக்கத் தெரியாதோர் கிராணியையோ தோட்டப் பள்ளி ஆசிரியரையோ நாட வேண்டியிருந்தது. ஊருக்கு அனுப்பும் பணமும் குடும்பச் செய்தியும் இவ்வாறு பிறர் கண்ணையும் கையையும் கடந்தே சென்றன.

இம்முகவரியின் தலையாய குறைபாடு அதன் நிலையாமையாகும். கங்காணி முறையில் வந்தவர் சட்டப்படி ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்து வேலையிலிருந்து விலகலாம். கூலி உயர்ந்த இடத்தை நோக்கித் தோட்டம் விட்டுத் தோட்டம் மாறுவது பெருவழக்காக இருந்தது. நிருவாகமும் அவ்வாறே ஆட்குறைப்புச் செய்யலாம். வேலை போகும் நாளிலேயே லயத்து அறையும் போகும். அறையோடு முகவரியும் போகும். அதன்பின் வரும் கடிதத்தைப் பெற ஆளில்லை. ஊரில் இருப்போர் அமைதியை மரணமென்றோ மறதியென்றோ பொருள்கொள்ள நேர்ந்தது.

அறுந்த தொடர்புகள்

1930களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதார மந்தம் ரப்பர் விலையை வீழ்த்தியது. கங்காணி உரிமங்கள் நிறுத்தப்பட்டன. பல்லாயிரக்கணக்கான தொழிலாளர் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். விலை மீண்டதும் அவர்களுள் பலர் மறுபடியும் வந்தனர். 1938ஆம் ஆண்டில் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்தது. வருவதும் போவதுமாக இருந்த இவ்வாழ்வில் ஒருவர் மலாயாவில் தொடர்ந்து வசித்தார் என்பதை மெய்ப்பிக்கும் ஆவணம் எதுவும் அவர் கையில் சேரவில்லை.

1942 முதல் 1945 வரை நீடித்த ஜப்பானியர் ஆட்சி இந்தியாவுடனான அஞ்சல் தொடர்பை முறித்தது. தம்பின், மலாக்கா கிளைப்பாதையின் தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டுச் சயாம் மரண இருப்புப்பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டன. அதே சயாமுக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளரும் கூட்டங்கூட்டமாகக் கொண்டு செல்லப்பட்டனர். அங்கே மாண்டவருள் பெரும்பாலோர்க்குப் பெயர் பொறித்த கல்லறை இல்லை. போரில் சிறைப்பட்ட நேசநாட்டுப் படைவீரர்களுக்கோ காஞ்சனாபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் உள்ளன. படைவீரருக்கு எண்ணும் பதிவும் உறவினர் முகவரியும் இருந்தன. தோட்டத் தொழிலாளர் யாருக்குச் செய்தி சொல்லப்பட வேண்டியவர் என்பதைக் கூறும் தாள் எங்கும் இருக்கவில்லை. முகவரியின்மை இறந்தோரையும் விட்டுவைக்கவில்லை என்பது ஈண்டு எண்ணத்தக்கது.

வசிப்புச் சான்றும் குடியுரிமையும்

1948ஆம் ஆண்டு இருவகையில் திருப்புமுனையாக அமைந்தது. அவ்வாண்டு பிப்ரவரியில் மலாயாக் கூட்டரசு உடன்பாடு நடைமுறைக்கு வந்தது. மலாக்கா நீரிணைக் குடியேற்றப் பகுதியாக இருந்தமையால் அங்குப் பிறந்தோர் பிரிட்டிஷ் குடிமக்களாவர். அவர்கள் கூட்டரசில் தொடர்ந்து 15 ஆண்டுகள் வசித்திருப்பின் கூட்டரசுக் குடிமக்களாகக் கருதப்படும் வாய்ப்பு இருந்தது. வெளியில் பிறந்து விண்ணப்பிப்போர் முந்திய 20 ஆண்டுகளில் 15 ஆண்டுகள் வசித்தமையைக் காட்ட வேண்டும். சட்டத்தின் சொற்கள் எளியவை. அவற்றுக்குரிய சான்றுகளோ அரியவை. பிறந்தமைக்குப் பிறப்புப் பத்திரமும் வசித்தமைக்குத் தொடர்ச்சியான பதிவும் தேவைப்பட்டன. லயத்தில் மருத்துவச்சி கையில் பிறந்து, நான்கைந்து தோட்டங்களில் வளர்ந்த ஒருவருக்கு இவ்விரண்டும் எளிதில் கிட்டுவன அல்ல.

அவ்வாண்டின் நடுப்பகுதியில் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. 12 வயதுக்கு மேற்பட்ட அனைவரும் பதிவு செய்துகொண்டு அடையாள அட்டை பெறவேண்டியவராயினர். தோட்டத் தமிழர் பலருக்கு அரசின் கையால் தரப்பட்ட முதல் நிலையான தாள் அதுவேயாகும். எனினும், பாதுகாப்பு நோக்கில் தரப்பட்ட அவ்வட்டை குடியுரிமையைத் தானாகவே தரவில்லை.

1957ஆம் ஆண்டில் நாடு விடுதலை பெற்றபோது விதிகள் தளர்ந்தன. முந்திய 12 ஆண்டுகளில் 8 ஆண்டுகள் வசித்தோர் விண்ணப்பிக்கலாம் என்னும் நிலை ஏற்பட்டது. விண்ணப்பித்தோர் நிலைபெற்றனர். அறியாமையாலும் ஆவணமின்மையாலும், என்றேனும் ஊர் திரும்புவோம் என்னும் எண்ணத்தாலும் விண்ணப்பிக்காதோர் பலர். 1968ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியுரிமையற்றோர் பணிபுரிய உரிமம் பெறவேண்டும் என விதித்தபோதுதான் அவர்கள் தம் நிலையை உணர்ந்தனர். பல்லாண்டு உழைத்தபின் கப்பலேறித் தமிழகம் திரும்பியோர் பலர். அவர்களுக்கு அங்கேயும் முகவரி எஞ்சியிருந்ததா என்பது தனி ஆய்வுக்குரியது.

தோட்டம் மறைந்தபின்

1950களிலும் 1960களிலும் பிரிட்டிஷ் நிறுவனத் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. துண்டாடலுக்கு மாற்றாக 1960ஆம் ஆண்டில் துன் வீ. தி. சம்பந்தனார் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளரே தோட்டத்தின் பங்குதாரராவது என்னும் அம்முயற்சியை இரவல் முகவரியைச் சொந்த முகவரியாக்கும் முயற்சியாகவும் நோக்கலாம். பிற்காலத்தில் தோட்டங்கள் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் மாறியபோது, லயத்தை விட்டு வெளியேறியோர் பலர் நகர்ப்புறப் புறம்போக்குக் குடியிருப்புகளில் தஞ்சம் புகுந்தனர். அங்கும் நிலையான முகவரி இல்லை. அதனால் பிள்ளைகளின் பிறப்புப் பதிவு மீண்டும் தடைப்பட்டது. அடையாள ஆவணம் இல்லாத இந்தியரைப் பதிவு செய்ய 2011ஆம் ஆண்டில் அரசு மைடஃப்தார் இயக்கத்தை மேற்கொண்டது, இச்சிக்கல் மூன்று தலைமுறைகளைக் கடந்தும் தீரவில்லை என்பதைக் காட்டுகின்றது.

முடிவுரை

மேற்கண்டவற்றால், மலாக்காத் தோட்டத் தமிழர் முகவரி இல்லாமல் வாழ்ந்தனர் என்பதைவிடப் பிறருடைய முகவரியில் வாழ்ந்தனர் என்பதே பொருத்தமாகும். அம்முகவரி வேலையோடு வந்தது, வேலையோடு போயிற்று. சட்டமோ தொடர்ச்சியான வசிப்பைக் கேட்டது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வெளியில்தான் பலருடைய குடியுரிமை தவறிப்போயிற்று.

இவ்வரலாற்றை மீட்டெடுப்பதில் தமிழாசிரியர்களுக்குத் தனிப் பங்குண்டு. தோட்டம் மறைந்த பின்னரும் அதன் பெயரைத் தாங்கி நிற்பது தமிழ்ப்பள்ளியே. அங்குள்ள பழைய சேர்க்கைப் பதிவேடுகளில் மாணவர் பெயர், தந்தை பெயர், வசித்த இடம், சேர்ந்த நாள் ஆகியன பதிவாகியிருக்கும். பெட்டியடியில் கிடக்கும் பழைய கடித உறையொன்றில் தோட்டத்தின் பெயரும் அஞ்சல் முத்திரையும் ஒருசேர இருக்கக் காணலாம். ஆய்வாளருக்கு அவை வரலாற்று மூலங்கள். ஆவணமின்றித் தவிக்கும் குடும்பத்திற்கோ அவை வசிப்புச் சான்றாகவும் அமையக்கூடும். பள்ளி இடம் மாறும்போதும் கட்டடம் புதுப்பிக்கப்படும்போதும் இப்பதிவேடுகள் குப்பையோடு எரிக்கப்படாமல் காக்கப்பட வேண்டும். மே/பா என்று எழுதப்பட்ட ஒரு தலைமுறைக்கு அவர்தம் சொந்த மேல்விலாசத்தை நாம் திருப்பித் தரக்கூடிய வழி அதுவேயாகும்.