நெறி கட்டும் முன்னே

குடுபல்லியில் எங்கள் பெரியம்மாவுக்குக் கன்னத்தில் சிவப்பாய் ஒரு கட்டி. வலியே இல்லை. சில வாரங்களில் பெரிதானது. "சூட்டுக் கட்டிதான்டா" என்று போனில் சொன்னார்; நானும் நம்பினேன். கழுத்தில் நெறி கட்டியபிறகுதான் வேலூருக்குக் கூட்டிப் போனார்கள். மெர்க்கல் செல் புற்றுநோய்.

இத்தனைக்கும் இங்கே என் பிழைப்பே பரிசோதனைக்கூடத்தில் நிணநீர்க் கணுக்களைப் பார்ப்பதுதான்!

இந்த அபூர்வத் தோல் நோயை 1972-ல் முதலில் விவரித்தவர் சிரில் டோக்கர். பெயர் மட்டும், 1875-ல் அந்தச் செல்களைப் பற்றி எழுதிய ஜெர்மானியர் மெர்க்கலுடையது. வேகமாகப் பரவும். அன்றைக்கு இரண்டே வழி: கணுக்களைச் சும்மா விடுவது, அல்லது கூண்டோடு எடுப்பது. எடுத்தால் வீக்கம் ஆயுளுக்கும் நிற்கலாம்.

நடுவழியை 1977-ல் ஆண்குறிப் புற்றுநோயில் காட்டினார் ரமோன் கபான்யாஸ்: நோய் பரவினால் முதலில் போய்ச் சேரும் கணுவை மட்டும் எடுத்துப் பார். 1992-ல் டொனால்ட் மார்ட்டன் குழு, நீலச் சாயம் செலுத்தி அந்தக் கணுவைக் கண்டுபிடிக்கும் முறையை மெலனோமாவுக்குக் கொண்டுவந்தது. பிறகு அது மெர்க்கலுக்கும் வந்தது. கைக்கு ஒன்றும் தட்டுப்படாதவர்களிலேயே ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் கணுவில் நோய் ஒளிந்திருப்பது அப்படித்தான் தெரிந்தது.

பெரியம்மாவுக்கு அது உதவவில்லை. நெறி கட்டியபின் ஒளிந்திருப்பதைத் தேட என்ன இருக்கிறது? ஊசி குத்தி எடுத்ததிலேயே தெரிந்துவிட்டது.

ஊருக்குப் போன் செய்யும்போது "சாப்பிட்டாச்சா"வோடு இதையும் கேளுங்களேன்: வலிக்காமல் வளருகிற கட்டி ஏதாவது இருக்கா?