கரையிறங்காத வைத்தியர்: குதிரை, மாடு, மீன், மதிப்பெண்

1

13ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் பாண்டியக் கரையோரம் வந்துபோன மார்க்கோ போலோ இங்கே முத்துக்குளிப்பு நடந்த விதத்தை எழுதியிருக்கிறார். தூத்துக்குடிப் பக்கம் வரலாறு பேசுகிற எவரும் அந்தப் பக்கங்களைத் தொடாமல் போவதில்லை. அதே பயணநூலில் குதிரைகள் சாவதைப் பற்றியும் அவர் சொல்கிறார். அது அவ்வளவாகப் பேச்சில் அடிபடுவதில்லை. முத்து பெருமை, செத்த குதிரையில் என்ன பெருமை இருக்கிறது?

ஹோர்முஸ், கிஷ், ஏடன் ஆகிய துறைகளிலிருந்து குதிரை ஏற்றிய கப்பல்கள் காயலுக்கு வந்தன. தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்திலிருந்த இந்தக் காயலை இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தின் பழையகாயல் பகுதியோடு சேர்த்து அடையாளம் காண்பது கால்டுவெல் காலத்திலிருந்து வரும் வழக்கம். இங்கே ஆண்ட ஐந்து சகோதர அரசர்களும் ஆளுக்கு 2,000 குதிரை வரை ஆண்டுதோறும் வாங்கினார்கள் என்றும், வருடக் கடைசியில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்றும் போலோ எழுதுகிறார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் கொடுக்கும் கணக்கும் இதற்குக் கிட்டவே வருகிறது: ஆண்டுக்கு 10,000 குதிரை, தலைக்கு 220 தினார். எண்களில் மிகை இருக்கலாம். நமக்கு வேண்டியது போலோ சொல்லும் காரணம். இந்நாட்டில் குதிரை வைத்தியம் தெரிந்தவர் இல்லை; குதிரை கொண்டுவரும் வணிகர்கள் வைத்தியரை உடன் அழைத்து வருவதுமில்லை, தானாக வருபவரை வரவிடுவதுமில்லை; குதிரை செத்தால்தானே அடுத்த வருடமும் விற்கும்.

இந்தக் குற்றச்சாட்டை அப்படியே நம்பவேண்டியதில்லை. இந்தத் தட்பவெப்பம் குதிரைக்கு ஆகாது என்றும், வேகவைத்த சோறும் இறைச்சியும் போட்டு வளர்க்கிறார்கள் என்றும் போலோவே சொல்கிறார். வணிகர் சதி என்பது துறைமுகத்தில் காதில் விழுந்த பேச்சாக இருக்கலாம். ஆனால் பேச்சும் ஒரு சான்றுதான். வைத்தியர் இல்லாமை இயற்கையாக நேர்ந்தது அல்ல, யாரோ லாபத்துக்காகப் பராமரிக்கிற ஒன்று என்று 700 ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கரையில் யாரோ யோசித்திருக்கிறார்கள். அறிவு பற்றாக்குறையாக இருப்பதற்கும் அதைப் பற்றாக்குறையாக வைத்திருப்பதற்கும் உள்ள வித்தியாசம் இது. இக்கட்டுரை பிடித்துக்கொள்ளும் நூல் இதுவே.

2

குதிரை வாங்குவதும் குதிரை இல்லாமல் போவதும் தமிழ் நினைவில் எங்கே பதிந்திருக்கின்றன? திருவிளையாடற் புராணத்துக்குப் போனால் போதும். பாண்டியனின் அமைச்சர் வாதவூரர் அரசுப் பணத்தை எடுத்துக்கொண்டு குதிரை வாங்கப் போகிறார். பணம் திருப்பெருந்துறையில் கோயிலுக்கும் அடியாருக்கும் செலவாகிறது. இறைவன் நரிகளைப் பரிகளாக்கி அனுப்புகிறான். வந்த பரிகள் இரவில் மறுபடி நரிகளாகி, லாயத்தில் ஏற்கெனவே இருந்த குதிரைகளையும் கடித்துக் குதறிவிட்டு ஓடிப்போகின்றன.

பக்தியின் கணக்கில் இது மாணிக்கவாசகரின் கதை. கஜானாவின் கணக்கில் வேறு மாதிரி வாசிக்கலாம். பெரும்பணம் கொடுத்து வாங்கிய குதிரை விடிவதற்குள் இல்லை; பழைய குதிரைகளும் இல்லை; யாரைப் பிடித்து அடிப்பது என்று அரசனுக்குத் தெரியவில்லை, அமைச்சனைப் பிடித்து வெயிலில் நிறுத்துகிறான். புராணக்காரர் மார்க்கோ போலோவைப் படித்திருக்கத் தேவையில்லை. வந்த குதிரை நிலைக்காது என்ற அனுபவம் இந்த மண்ணில் பொது அனுபவமாக இருந்தாலொழிய இந்தக் கதை இவ்வளவு எளிதாக நம்பப்பட்டிருக்காது என்று மட்டும் சொல்லலாம். அந்தக் கதைக்குள்ளும் ஒரு குதிரை வைத்தியன் இல்லை என்பது கவனத்துக்குரியது.

மாட்டுக்கு நிலைமை வேறு. மாடு கப்பலில் வந்த பண்டம் அல்ல. 'மாட்டு வாகடம்' என்ற பெயரில் சுவடிகள் உண்டு. சூடு போடுகிறவர், சுழி பார்க்கிறவர், பச்சிலை அரைத்து ஊற்றுகிறவர் ஊருக்கு ஊர் உண்டு. செத்த மாட்டை அறுத்து உள்ளே இருப்பதைக் கண்ணால் பார்த்த அறிவு யாரிடம் இருந்தது என்றும் கேட்கவேண்டும். சாதி விதித்த வேலையாகத் தலித்துகளின் தலையில் கட்டப்பட்ட அது, அறிவாகக் கணக்கில் எடுக்கப்படவே இல்லை. அந்தக் கை தீட்டு என்றானபோது அந்தக் கை அறிந்ததும் தீட்டானது.

3

நவீனக் கால்நடை மருத்துவம் 1761இல் பிரான்சின் லியோன் நகரில் பள்ளியாகத் தொடங்கியது. தொடங்கிய பூர்ழெலா குதிரையேற்றம் சொல்லிக்கொடுத்தவர். இந்தியாவிலும் அது ராணுவக் குதிரையின் காலடியில்தான் வந்தது. பிறகு வெக்கை நோய். மாடுகள் கூட்டம்கூட்டமாகச் செத்து நில வருவாய் ஆட்டம் கண்டபோது காலனிய அரசு விசாரணைக் கமிஷன் போட்டது. அதன் அறிக்கை 1871இல் வந்தது. 1886இல் பம்பாயில் கல்லூரி. சென்னை மாகாணத்துக்கு 1903 அக்டோபரில், சைதாப்பேட்டையில் டாபின் ஹால் என்ற சிறிய கட்டடத்தில், 20 மாணவரோடு. விரைவிலேயே கல்லூரி வேப்பேரிக்குப் போனது. 1930களின் நடுவில் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து பட்டம் கொடுக்கத் தொடங்கியது.

ஆண்டுகளை அடுக்கிப் பார்த்தால் விஷயம் பளிச்சென்று தெரியும். முதல் கல்லூரி 1903. இன்றைய தமிழ்நாட்டு எல்லைக்குள் இரண்டாவது கல்லூரி நாமக்கல், 1985. இடையில் 82 வருடம். மூன்றாவதும் நான்காவதும் 2012இல், திருநெல்வேலி ராமையன்பட்டியிலும் ஒரத்தநாட்டிலும். தலைவாசல், உடுமலை, தேனி ஆகியவை 2020-21 வாக்கில். மாட்டையும் ஆட்டையும் நம்பி இத்தனை லட்சம் குடும்பங்கள் இருந்த நாட்டில் ஒரு நூற்றாண்டின் பெரும்பகுதி ஒரே ஒரு வாசல்தான் திறந்திருந்தது. வணிகர்கள் வைத்தியரைக் கரையிறங்க விடவில்லை என்பது போலோவின் புகார். இந்த 82 வருடத்தில் இறங்கவிடாதவர் யார்? தனியொரு வில்லனைக் காட்டமுடியாது. செலவுக் கணக்கு, நகரத்தின் அலட்சியம், 'மாட்டுக்கு எதுக்கு டாக்டர்' என்ற நடுத்தர வர்க்கத்தின் பொதுப்புத்தி எல்லாம் சேர்ந்த ஏற்பாடு அது. ஏற்பாடு என்றால் கூடிப் பேசிச் செய்தது என்று பொருள் இல்லை.

4

வாசல் குறுகலாக இருக்கும்போது வாசற்காவலனுக்கு மதிப்பு வரும். அந்தக் காவலனின் பெயர் மதிப்பெண்.

இந்த எண்ணுக்கு ஒரு வரலாறு உண்டு. அது முழுக்க இருட்டான வரலாறு அல்ல. வகுப்புவாரி அரசாணை 1951இல் உச்ச நீதிமன்றத்தில் வீழ்ந்ததும், அரசியல் சட்டத்தின் முதல் திருத்தத்தால் இடஒதுக்கீடு மறுபடி எழுந்ததும் தெரிந்த செய்தி. பிறகு நடந்ததை நாம் அதிகம் பேசுவதில்லை. மாவட்ட மக்கள்தொகைக்கு ஏற்ப மருத்துவ இடங்களைப் பங்கிட்ட முறையை ராஜேந்திரன் வழக்கில் 1968இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. கடலோர மாவட்டமும் கரிசல் மாவட்டமும் தலைநகரோடு ஒரே வரிசையில் நிற்கவேண்டும் என்பது அதன் விளைவு. 1971இல் பெரியகருப்பன் வழக்கு. அப்போது மொத்தம் 275 மதிப்பெண்ணில் 75 நேர்முகத்துக்கு. அது அதிகப்படி என்று நீதிமன்றம் சொன்னது. நேர்முகம் என்றால் என்ன என்பது எல்லோருக்கும் தெரியும்: அப்பா யார், எந்த ஊர், யார் சொல்லி அனுப்பினார்கள். அந்த 75 மதிப்பெண் உடுப்பையும் உச்சரிப்பையும் அளந்தது. எழுத்துத் தேர்வின் எண் அந்த முகத்தை மறைத்தது. முதல் தலைமுறையாகப் படித்த பிள்ளைகளுக்கு முகம் மறைவதே பாதுகாப்பு. ஆகவே மதிப்பெண்ணை வெறும் அடக்குமுறைக் கருவி என்று ஃபூக்கோவை மேற்கோள் காட்டி முடித்துவிடுவது சோம்பேறித்தனம். தேர்வு மனிதனைக் கண்காணித்து, வரிசைப்படுத்தி, ஒரு கோப்பாக ஆக்குகிறது என்று அவர் காட்டியது சரி. கோப்பாக ஆவதற்கும் வழியில்லாமல் கிடந்தவர்களுக்குக் கோப்பு ஒரு விடுதலையின் தொடக்கமாகவும் இருந்தது என்பதும் சரி.

ஆனால் எண் சும்மா இருப்பதில்லை, நுணுகிக்கொண்டே போகும். மேல்நிலைக் கல்வி 1978இல் வந்தது. 1984இல் தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு வந்தது. பிளஸ் டூ பாடங்களுக்கு 200, நுழைவுத் தேர்வுக்கு 100, ஆக 300 என்று 'கட்-ஆஃப்' பிறந்தது. தசமப் புள்ளிக்குப் பிறகும் சண்டை. சமமாக வந்தால் பிறந்த தேதி. அதுவும் சமமானால் கணினி போடும் ரேண்டம் எண். தகுதி என்று தொடங்கியது குலுக்கலில் போய் நிற்கிறது. ஆனாலும் குலுக்கல் என்று யாரும் சொல்வதில்லை.

மார்க் குறைந்தவர்களுக்கு 'இம்ப்ரூவ்மென்ட்' என்று ஒன்று இருந்தது. ஒரு வருடம் வீட்டிலோ டுட்டோரியலிலோ உட்கார்ந்து மறுபடி எழுதலாம். வருடத்தைச் சும்மா செலவிட வசதி உள்ளவனுக்கு அது இரண்டாவது வாய்ப்பு. வசதியில்லாதவனுக்கு முதல் மதிப்பெண்ணே தலையெழுத்து. 2005இல் அரசு நுழைவுத் தேர்வையும் இதையும் சேர்த்து ஒழிக்க ஆணையிட்டது, வழக்குகள் நடந்தன, 2006இல் இயற்றிய சட்டத்தின்படி 2007-08 முதல் நுழைவுத் தேர்வு இல்லாத சேர்க்கை வந்தது. 2017இல் மருத்துவத்துக்கு நீட் உறுதியானது. கால்நடை மருத்துவத்திலோ அகில இந்திய ஒதுக்கீட்டின் 15 சதவீதம் நீங்கலாக, மாநில இடங்கள் பிளஸ் டூ மதிப்பெண்படியே நிரப்பப்படுகின்றன. மருத்துவக் கல்லூரியின் வாசலில் காவலன் மாறியதும், பள்ளி மதிப்பெண்ணை மட்டும் கையில் வைத்திருந்தவர்கள் அடுத்த வாசலுக்குத் திரும்பினார்கள். அங்கே நெரிசல்.

இந்த நெரிசலுக்குள் ஒரு படிநிலை இருக்கிறது. முதலில் மனித உடல், பிறகு மனிதனின் பல், பிறகு மாடு, பிறகு மீன். ரிசல்ட் வந்த வீட்டில் கேட்கும் பேச்சு இது: 'டாக்டருக்குக் கெடைக்கலைன்னா மாட்டு டாக்டருக்காவது எழுதிப்போடுலே.' 'ஆவது' என்ற இடைச்சொல்லைப் பாருங்கள். இலக்கணத்தில் அது சிறு ஒட்டு. வீட்டில் அது ஒரு தீர்ப்பு. அந்த 'ஆவது'க்கும் மிக உயர்ந்த மதிப்பெண் வேண்டும் என்பது கலந்தாய்வுக்குப் போனபிறகு தெரியும். இரண்டாம்பட்சம் என்று இகழப்படுவதற்கே முதல்தர மார்க் வேண்டியிருக்கிறது. இகழ்ச்சியும் போட்டியும் ஒரே இடத்தின்மேல் குவிகிற இந்த முரண்தான், மார்க் குறைந்த பிள்ளையை இரண்டு முறை தோற்கடிக்கிறது.

5

தூத்துக்குடிக்கு வருவோம். இந்த மாவட்டத்தின் பெயரில் ஆடுகள் வாழ்கின்றன. விளாத்திகுளம் பக்கத்து வேம்பூரிலிருந்து வேம்பூர் செம்மறி. கரையோரக் காய்ந்த நிலத்தில் கொடி ஆடு. கோவில்பட்டிக் கரிசலில் கன்னி ஆடு. ஓர் இனத்தை நிறமும் காதும் காலும் பார்த்துத் தலைமுறை தலைமுறையாகப் பிரித்தெடுத்து நிலைநிறுத்தியவர்கள் கீதாரிகளும் சம்சாரிகளும். பல்கலைக்கழகம் பிறகு வந்து அளந்து, எழுதி, பெயரிட்டது. அந்த சம்சாரியின் மகள் 2012 வரை கால்நடை மருத்துவம் படிக்கவேண்டுமென்றால் நாமக்கல்லுக்கோ வேப்பேரிக்கோ போகவேண்டும். அதுவும் மார்க் இருந்தால். ஆடு பார்த்த கண்ணுக்கு மார்க் இல்லை.

மாட்டுக்கு வராத கல்லூரி மீனுக்கு வந்தது. மீன்வளக் கல்லூரி தூத்துக்குடியில் 1977இல் தொடங்கியது. 1989இல் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் அமைந்தபோது அதன்கீழ்ப் போனது. 2012இல் மீன்வளத்துக்குத் தனிப் பல்கலைக்கழகம் வரும்வரை அங்கேயே இருந்தது. ஆக 23 வருடம் இந்த முத்துக்கரையில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் பட்டம் கொடுக்கப்பட்டது, மீனுக்காக. மீன் கால்நடையா என்று சிரிக்கலாம். நிர்வாகத்தின் அகராதியில் மனிதன் அல்லாத உயிரெல்லாம் ஒரே அலமாரி.

இங்கே சிப்பியும் ஒரு விலங்குதான். அதன் உடலை அறிந்தவர் இரண்டு வகை. மூச்சைப் பிடித்துப் பாருக்குள் இறங்கி, எந்தப் பார் இந்த வருடம் விளைந்திருக்கிறது என்று கையால் அறிந்த குளியாளி ஒரு வகை. சிப்பிக்குள் கருவைத்து முத்து விளைவிக்க ஆராய்ச்சிக்கூடத்தில் கற்றவர் மற்றொரு வகை. தூத்துக்குடியின் கடைசிப் பெரிய முத்துக்குளிப்பு 1961இல் முடிந்தது. 1973இல் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் தூத்துக்குடி மையத்தில் வளர்ப்பு முத்து வெற்றியானது. முதல் அறிவு வேலையிழந்து 12 வருடத்தில் இரண்டாவது அறிவு கண்டுபிடிப்பாக அறிவிக்கப்பட்டது. ஒன்று மற்றொன்றைக் கொன்றது என்று சொல்லவில்லை. பார்கள் வற்றியதற்குக் குளியாளியும் விஞ்ஞானியும் காரணமல்லாத காரணங்கள் உண்டு. இரண்டுக்கும் நடுவே ஏணி போடப்படவில்லை என்பதே சொல்லவேண்டியது. மீன்வளப் படிப்பில் மீனவர் பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. 2021ஆம் ஆண்டுச் சட்டத்தால் அரசுப் பள்ளி மாணவர்க்குக் கால்நடை, மீன்வளம் உள்ளிட்ட தொழிற்கல்வியில் 7.5 சதவீதம் உண்டு. இவை அந்த ஏணியின் முதல் படிகள். முதல் படியை ஏணி என்று சொல்லி ஏமாற வேண்டாம்.

மார்க் குறைந்த பிள்ளையிடம் நம் சமூகம் கேட்பது, 'எத்தனை எடுத்தே?' திருப்பிக் கேட்கவேண்டிய கேள்வி, 'எத்தனை எடம் வச்சிருந்தீங்க?' 1903இலிருந்து 1985 வரை வேப்பேரி ஒன்றே போதும் என்று யார் முடிவு செய்தார்கள். மனிதன், மாடு, மீன் என்று உயிர்களை வரிசை கட்டி அந்த வரிசையைப் பிள்ளைகளின் தலையில் மார்க்காக ஏற்றியது யார்? எண்ணைப் பற்றிய விவாதம், நுழைவுத் தேர்வா பள்ளித் தேர்வா என்ற விவாதம், அவசியமானதுதான். ஆனால் அது காவலனை மாற்றுவது பற்றிய விவாதம். வாசலின் அகலத்தைப் பற்றிய விவாதம் இன்னும் சரியாகத் தொடங்கவில்லை. காயல் துறையில் குதிரைகள் செத்துக்கொண்டிருந்தபோது வைத்தியர்கள் கடலுக்கு அப்பால் இருந்தார்கள் என்றுதானே போலோ சொல்கிறார். உலகத்தில் வைத்தியரே இல்லை என்று அவர் சொல்லவில்லை.