ஆன்லைன் போக்கர் ஒரு தொழிலா?

"போக்கர் சூதாட்டம் அல்ல, திறமை விளையாட்டு. அதையே தொழிலாக வைத்துக் கோடீஸ்வரர் ஆனவர்கள் இருக்கிறார்களே?" பிள்ளைகள் இப்படிக் கேட்கும்போது பெற்றோர் பலர் பதில் தெரியாமல் விழிக்கிறார்கள். அப்படிப் பெயர் பெற்ற ஒருவரின் கணக்கையே எடுத்துப் பார்ப்போம்.

2009-இன் பிற்பகுதியில் 'ஃபுல் டில்ட் போக்கர்' தளத்தில் 'இசில்டர்1' என்ற பெயரில் ஒருவர் ஆட வந்தார். யார், எந்த ஊர் என்று எவருக்கும் தெரியாது. டாம் ட்வான், ஃபில் ஐவி, பாட்ரிக் அன்டோனியஸ் போன்ற பெரும் ஆட்டக்காரர்களோடு ஒரே நேரத்தில் பல மேசைகளில் ஆடி, சில வாரங்களில் பல மில்லியன் டாலர் ஜெயித்தார். அவர் ஸ்வீடனைச் சேர்ந்த விக்டர் ப்ளோம் என்பது 2011 ஜனவரியில்தான் அறிவிக்கப்பட்டது. அந்த ஆட்டங்களின்போது அவருக்கு வயது 19.

ஜெயித்த கதையோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். 2009 நவம்பர் 21 அன்று, ஒரே ஒரு சுற்றில் சுமார் 13.5 லட்சம் டாலர் பந்தயத் தொகையை அன்டோனியஸிடம் இழந்தார். டிசம்பர் 8 அன்று பிரையன் ஹேஸ்டிங்ஸ் என்பவரிடம் சுமார் ஐந்து மணி நேரத்தில் ஏறக்குறைய 42 லட்சம் டாலர் போனது. ஹேஸ்டிங்ஸும் அவருடைய நண்பர்களும் இவர் ஆடிய பழைய ஆட்டங்களின் பதிவுகளைச் சேர்த்துவைத்து ஆராய்ந்திருந்தார்கள் என்பது பின்னர் வெளியானது. அப்படிப் பதிவுகளைப் பகிர்வது தளத்தின் விதிக்கே முரணானது. திறமை என்று சொல்லப்படுவதில் இதுவும் அடக்கம்!

ப்ளோம் அதோடு முடிந்துவிடவில்லை. 2012-இல் பஹாமாஸ் போட்டி ஒன்றில் 12.5 லட்சம் டாலர் ஜெயித்தார். ஆனால் இந்த மேசையில் செல்வம் எதுவும் உற்பத்தியாவதில்லை. ஒருவர் பையிலிருந்து மற்றவர் பைக்குப் பணம் போகிறது. நடுவில் 'ரேக்' என்ற பெயரில் தளம் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. ஆகவே ஆடுவோர் அனைவரின் கணக்கையும் கூட்டினால் நஷ்டம்தான் வரும். தொழில்முறை ஆட்டக்காரர் பிழைக்க வேண்டுமென்றால், தன்னைவிடப் பலவீனமானவர்கள் ஓயாமல் வந்து தோற்றுக்கொண்டே இருக்க வேண்டும். அவர்களை இத்துறையினர் 'மீன்' என்றே அழைக்கிறார்கள்.

2011 ஏப்ரல் 15 அன்று அமெரிக்க அரசு ஃபுல் டில்ட் உட்பட மூன்று பெரிய தளங்களை முடக்கியது. ஆட்டக்காரர்களுக்கு ஃபுல் டில்ட் தரவேண்டியிருந்தது சுமார் 39 கோடி டாலர். வங்கியில் இருந்ததோ சுமார் 6 கோடி டாலர் என்று அரசுத் தரப்பு கூறியது. அமெரிக்க ஆட்டக்காரர்களுக்குப் பணம் திரும்பக் கிடைக்கத் தொடங்கியது 2014-இல்தான்.

இனி 'திறமை' என்ற வாதம். திருக்குர்ஆன் மாயிதா அத்தியாயத்தின் 90-ஆம் வசனம் 'மைசிர்' எனும் சூதைத் தடுக்கிறது. அம்பெய்தல், குதிரைப் பந்தயம் ஆகியவை முழுக்கத் திறமை சார்ந்தவை. அவற்றில்கூட இரு தரப்பும் பணம் வைத்து, வென்றவர் அனைத்தையும் எடுத்துக்கொள்வதைப் பெரும்பான்மை ஃபிக்ஹு அறிஞர்கள் நிபந்தனையின்றி அனுமதிக்கவில்லை. மூன்றாம் தரப்பு பரிசளித்தால் ஆகும் என்றார்கள். ஆக, அவர்கள் பார்த்தது திறமையை மட்டும் அல்ல. பணம் யாருடையது, தோற்பவர் எதை இழக்கிறார் என்பதையும்தான்.

2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் திறமை விளையாட்டுகள் என்றே கூறி, அவற்றுக்குத் தமிழ்நாடு அரசு விதித்த தடையை நீக்கியது. ஆனால் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமையோ அதிர்ஷ்டமோ எதுவானாலும், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை ஒன்றாகவே வைத்துத் தடுக்கிறது.