உடல் வராத வீட்டுக்கு ஹோமரிடம் உள்ள சொற்கள்

ஹோமரின் இலியட், ஒடிசி பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ‘கிளெயோஸ்’ என்ற சொல்லில்தான் தொடங்குவார்கள். புகழ் என்று பொருள். கேட்டல் என்ற வினையோடு உறவுள்ள சொல் இது. செத்த வீரனின் பெயர் பாட்டில் கேட்கப்படுவதே கிளெயோஸ். ‘நொஸ்தொஸ்’ என்றால் வீடு திரும்பல். அகிலீஸ் முதலாவதைப் பெற்று இரண்டாவதை இழந்தான்.

எனக்கு இவ்விரண்டையும் விட முக்கியமாகப் படுவது ‘கெராஸ்’. போர்க் கொள்ளையில் தலைவனுக்கு ஒதுக்கப்படும் சிறப்புப் பங்கு அது. (பிரிசெயிஸ் என்ற பெண்ணும் அப்படியொரு பங்காகவே கணக்கிடப்பட்டாள்.) அதே சொல் இறந்தவருக்கு வரும்போது அழுகை, அடக்கம், மண்மேடு, நடுகல் என்றாகிறது. இலியட்டின் கடைசியான 24ஆம் பாகத்தில் முதியவர் பிரியாம், மகனைக் கொன்றவனின் கூடாரத்துக்கே மீட்புப் பொருளோடு போய் ஹெக்டரின் உடலைக் கேட்கிறார். உடலோடு 11 நாள் போர்நிறுத்தமும் கிடைக்கிறது: 9 நாள் அழுவதற்கு, 10ஆம் நாள் தகனத்துக்கு, 11ஆம் நாள் மேடு எழுப்புவதற்கு.

உடலே வராவிட்டால்? ஒடிசி அங்கேதான் தொடங்குகிறது. தெலெமாக்கஸ் தன் தகப்பனை ‘அயிஸ்தொஸ், அபுஸ்தொஸ்’ என்கிறான். காணப்படாதவர், சேதியும் கேட்கப்படாதவர். இதற்கு நம்மவர்களுக்கு விளக்கவுரை தேவையில்லை. ட்ரோயில் செத்திருந்தால் இவ்வளவு வருந்தியிருக்க மாட்டேன், ஒரு மேடாவது இருந்திருக்கும் என்பது அவன் வாதம். ஆதீனா முதலில் சொல்வது, போய் விசாரி என்பதே. இறப்புச் சேதி கிடைத்தால் மட்டும், உடல் இல்லாமலே ‘சேமா’ என்னும் அடையாள மேட்டை எழுப்பச் சொல்கிறாள். பெனலோப்பியைப் பெண் கேட்டு வந்தவர்களோ, ஒடிசியஸ் செத்துவிட்டான் என்று தாங்களே முடிவுகட்டி, அவன் வீட்டிலேயே விருந்துண்டுகொண்டிருந்தார்கள்.